வீட்டில் கோமாளி மீன்: டர்பனில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஏழு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு மறுநாள் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா, மறு கையில் காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பை. பைக்குள் இரண்டு கோமாளி மீன்கள். "மாமா, தொட்டி வண்டியில இருக்கு. இன்னைக்கே வச்சிரலாம்" என்றான். தொட்டி, உப்பு, மணல், மீன் எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் விற்றிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் நிரப்பி மீனை விட்டோம். நாலாம் நாள் காலையில் இரண்டும் மணலில் சாய்ந்து கிடந்தன. பையன் அழவில்லை. ஆனால் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அந்த மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை. அவற்றின் கழிவில் இருந்து வந்த அம்மோனியாவே அவற்றைக் கொன்றது. அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் இருக்காது. அது வளர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்போது அதே தொட்டியில் ஒரு ஜோடி ஆறாவது வருடமாக இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் தெரிந்தவர்கள் யாராவது கடல் தொட்டி வைக்க வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இதுதான்: தொட்டியை இன்று வையுங்கள், மீனை ஒன்றரை மாதம் கழித்து வாங்குங்கள்.

எந்த மீன்

கோமாளி மீனில் ஏறக்குறைய 30 வகை உண்டு. கடைகளில் ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டையோடு நிற்பது பெரும்பாலும் ஒசெல்லாரிஸ். புதியவர்களுக்கு இதுதான் சரி. எட்டு, ஒன்பது சென்டிமீட்டருக்கு வளரும், சுபாவம் சாது, தொட்டியில் வளர்ந்தது என்றால் குருணைத் தீனியும் தின்னும். அச்சாக அதே மாதிரி இருக்கும் பெர்குலா விலை கூடுதல், கொஞ்சம் நாசூக்கு. மரூன் என்று ஒரு வகை விற்பார்கள். அழகுதான், ஆனால் வளர்ந்த பெண் மீன் தொட்டி முழுவதும் தனக்கே என்று நிற்கும். முதல் தொட்டிக்கு வேண்டாம்.

நம் கடலிலும் ஒரு கோமாளி மீன் இருக்கிறது. பழுப்பும் கருப்புமான உடல், இரண்டு வெள்ளைப் பட்டை, வெளுத்த வால். ஆலார்டி என்று பெயர். கென்யாவில் இருந்து டர்பன் வரைக்கும் உண்டு. முக்குளிக்கிறவர்கள் டர்பனுக்கு வடக்கே உள்ள சோட்வானா விரிகுடாவில் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். அதைப் பிடித்து வரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. சோட்வானா இருப்பது இசிமங்கலிசோ காப்பிடத்துக்குள், 1999 முதல் அது உலகப் பாரம்பரியத் தலம். அதை விட்டாலும், கடலில் பிடித்த மீன் தொட்டிக்கு வரும்போது பட்டினியும் பயமும் ஒட்டுண்ணியுமாகத்தான் வரும். தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் பத்து வருடத்துக்கு மேல், சில சமயம் இருபது வருடம் வரைக்கும் இருக்கும். இன்று ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளை வேலைக்குப் போன பிறகும் மீன் உங்கள் வீட்டில் இருக்கும்.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடு சீக்கிரம் ஏறும், உப்பு சீக்கிரம் கூடும், ஒரு சின்னத் தவறே மீனைக் கொல்லும். ஒரு ஜோடிக்கு 80 லிட்டர் குறைந்தபட்சம். இடமும் பணமும் இருந்தால் 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி வாங்குங்கள். ஏறத்தாழ 180 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவை நெருங்கும். அதனால் டிவி வைக்கிற மேசையில் வைக்காதீர்கள். தொட்டிக்கென்று செய்த தாங்கி வேண்டும், கீழே சிமெண்டுத் தரை வேண்டும், நீர்மட்டம் வைத்துப் பார்த்தால் சாய்வு இருக்கக் கூடாது.

ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம், பாசியும் சூடும் ஏறும். அடுப்படிக்குப் பக்கமும் வேண்டாம், தாளிப்புப் புகையும் எண்ணெயும் தண்ணீரின் மேல் ஏடாகப் படியும். சாமி அறைக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காற்றுப் பம்பு அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரம் பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுங்கள். கொசு மருந்து, கரப்பான் ஸ்ப்ரே எதையும் அந்த அறையில் அடிக்கவே கூடாது.

வாங்க வேண்டிய மற்றவை: ஹீட்டர், தண்ணீரை ஓட்டிவிடும் ஒரு சின்ன பவர்ஹெட், ஃபில்டர், சாதாரண விளக்கு, வெப்பமானி, உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், சோதனைப் பெட்டி. கழிவை நுரையாக வெளியே தள்ளும் ஸ்கிம்மர் இருந்தால் நல்லது, முதல் மாதமே இருக்க வேண்டும் என்று இல்லை. 15 முதல் 20 கிலோ நுண்துளை உள்ள பவளப்பாறைக் கல்லும், இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பவள மணலும் வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம். கல்லை மணலுக்கு மேலே வைக்காமல், முதலில் கல்லை அடிக் கண்ணாடியில் உட்கார வைத்து, பிறகு சுற்றி மணலைப் போடுங்கள். மணலைக் கிளறும் நண்டோ மீனோ பிறகு வந்தாலும் கல் சரியாது. எனக்கு ஒரு தடவை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 'டங்' என்று சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் மேல்கல் கண்ணாடியில் சாய்ந்து நின்றது. கண்ணாடி உடையாதது புண்ணியம்.

ஒயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருவதற்கு முன் பிளக்கைவிடக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. உப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். உங்கள் டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை விடும் நாளெல்லாம் உங்கள் உயிரைக் காப்பது அதுதான்.

தண்ணீர்

"கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, ஒரு டிரம் மொண்டு வந்தால் என்ன?" இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. நகரத்துக் கடற்கரைத் தண்ணீர் வேண்டாம். ஆற்று முகத்துவாரமும் துறைமுகமும் பக்கத்தில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்து, பிறகு பல மாதம் கடற்கரைகளை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். மனிதனே குளிக்கக் கூடாது என்று பலகை வைத்த தண்ணீரில் மீனை எப்படி விடுவது?

ஆகவே உப்பு வாங்கிக் கரைப்பதுதான் வழி. சமையல் உப்பு ஆகாது. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கணக்காகச் சேர்ந்திருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரினும் பாசிக்கு உரமாகும் பொருள்களும் இருக்கும் என்பதால் சவ்வில் வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர் நல்லது. பெரிய மீன் கடைகளிலும் குடிதண்ணீர் நிரப்பும் கடைகளிலும் கேன் கணக்கில் கிடைக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். பூஜ்யமோ அதற்குப் பக்கத்திலோ காட்டினால் வாங்குங்கள், முப்பது நாற்பது காட்டினால் அவர்கள் ஃபில்டர் மாற்றவில்லை என்று அர்த்தம்.

கரைக்கும் முறை: சோப்பு பார்க்காத புதுப் பக்கெட்டில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றினால் கால்சியம் கரையாமல் வெள்ளையாகப் படிந்துவிடும். 20 லிட்டருக்கு 700 முதல் 750 கிராம் வரை பிடிக்கும், உறையில் போட்டிருக்கும் அளவையும் பாருங்கள். ஒரு சின்னப் பம்பை உள்ளே போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.

காலையில் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து, சாய்ந்த கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு மூடியை மெதுவாக இறக்குங்கள். காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. அரை நிமிடம் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வையுங்கள். மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு 35 என்ற எண்ணில், பக்கத்து அளவில் 1.025க்கு மேல் ஒரு நூலளவில், வந்து நிற்க வேண்டும். நம் இந்துமாக்கடலின் உப்பும் ஏறக்குறைய அதேதான். கருவியைச் சரிபார்க்க 35க்கென்று விற்கும் திரவம் இருக்கிறது, மாதம் ஒரு தடவை அதை வைத்துப் பாருங்கள்.

தொட்டித் தண்ணீர் ஆவியாகக் குறையும்போது தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். புதிதாக வைப்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி, இரண்டு மாதத்தில் 40ஐத் தாண்டிவிடும்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். குறைந்த தண்ணீரை ஊற்றுவதை ஆயா ஏற்றுக்கொண்டார்கள். தினமும் விளக்கேற்றியதும் கொஞ்சம் ஊற்றுவார்கள், அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். இரண்டு மூன்று வாரத்தில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் இருந்து விழுந்தன. பிறகு சுத்தம் செய்யும் இறால் செத்தது. உப்பு சரி, அம்மோனியா பூஜ்யம். என்ன என்றே புரியவில்லை. ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போகாமல் இருந்தபோதுதான் பார்த்தேன்: ஆர்ஓ தண்ணீரை ராத்திரியே செம்புக் குடத்தில் ஊற்றி வைத்து, காலையில் அதில் இருந்துதான் ஊற்றுகிறார்கள். நம்மைப் பொறுத்தவரை செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு துளியளவே விஷம். ஆயாவிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. அடுத்த நாளே ஒரு பிளாஸ்டிக் ஜக் வாங்கி மஞ்சள் ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். செம்பு, பித்தளை எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது.

காத்திருக்கும் ஒன்றரை மாதம்

தொட்டியில் கல், மணல், உப்புத் தண்ணீர் எல்லாம் வந்து, பம்பும் ஹீட்டரும் ஓடி, வெப்பம் 25, 26 டிகிரியில் நின்றதும் உண்மையான வேலை தொடங்குகிறது. கல்லின் துளைகளில் இரண்டு வகை பாக்டீரியா குடியேற வேண்டும். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இரண்டாவது அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட்டை ஓரளவு தாங்கும்.

பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டுமே. மீன் கடையில் கிடைக்கும் அம்மோனியா திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் சமையலுக்கு வாங்கிய பச்சை இறாலில் ஒன்றை, மசாலா படாமல், ஒரு பழைய ஸ்டாக்கிங் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். நாற்றம் வரும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவத்தையும் சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் முடியும். இதற்காக மீனை விட்டுப் பழக்கும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்த மீனின் செவுள் வெந்துபோகும். அதைச் செய்யாதீர்கள்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை சோதித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அம்மோனியா இல்லாவிட்டால் சோதனைக் குழாய் மஞ்சளாக இருக்கும், இருந்தால் பச்சையாகும். முதல் வாரம் பச்சை. இரண்டாம், மூன்றாம் வாரம் பச்சை வெளுத்து, நைட்ரைட் குழாய் ஊதாவாகும். அந்த ஊதா பத்து நாள் போல அசையாமல் நிற்கும். எல்லாரும் பொறுமை இழப்பது அங்கேதான். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் வெறும் நீலம். அன்றைக்கு வருகிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இப்போது ஒரு பரீட்சை. மறுபடியும் 2 பிபிஎம் அம்மோனியா விடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள். இடையில் கல்லிலும் மணலிலும் காப்பித்தூள் தூவியது மாதிரி பழுப்புப் பாசி வரும். பயப்பட வேண்டாம், எல்லாத் தொட்டியிலும் வரும், தானே போகும்.

மின்சாரமும் வெயிலும்

வேறு நாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். நமக்கு அப்படி முடியாது. 2023ல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது நாளுக்கு இரண்டு மூன்று தடவை போகும், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கும். இப்போது குறைந்திருக்கிறது என்றாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்பார்மர் கோளாறு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது.

மின்சாரம் போனால் மீனைக் கொல்வது குளிரோ இருட்டோ இல்லை, மூச்சு. தண்ணீர் அசையாவிட்டால் மேற்பரப்பில் இருந்து ஆக்சிஜன் உள்ளே போகாது. அதனால் முதலில் வாங்க வேண்டியது பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு. மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் வகை உண்டு, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்துக்கு அதுதான் உதவும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் எதை அதில் போடுவது என்று தெரிய வேண்டும். 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி என்றால் மொத்தம் 1,200 வாட்-அவர். பேட்டரி கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும், 600. பத்து வாட் பவர்ஹெட் ஒன்றை மட்டும் போட்டால், இழப்பு போக, ஒன்றரை நாள் ஓடும். 200 வாட் ஹீட்டரைப் போட்டால் அதே 600 மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பவர்ஹெட் இன்வெர்ட்டரில், ஹீட்டர் சுவரில். ஜூலை ராத்திரியில் குளிர் இறங்கினால் தொட்டியைச் சுற்றி இரண்டு போர்வை போர்த்துங்கள். 180 லிட்டர் தண்ணீர் சூட்டை விடச் சில மணி நேரம் ஆகும்.

மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு: மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், திரும்ப ஓட விடும் முன் திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். காற்றில்லாமல் அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வந்தால் மின்தடையில் தப்பிய மீன் அதில் சாகும். மின்சாரம் திரும்ப வரும்போது ஏறி இறங்கும் வோல்ட்டேஜில் இருந்து காக்க சர்ஜ் பிளக் போடுங்கள். மின்தடை நேரம் தெரிந்தால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் தீனி போடாதீர்கள், செரிக்கும் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும்.

வெயில் காலம் வேறு கஷ்டம். ஜனவரி, பிப்ரவரியில் வீட்டுக்குள் புழுக்கம் ஏறும்போது தொட்டி 30 டிகிரியைத் தொடும். கோமாளி மீனுக்கு 24 முதல் 27 வரை சுகம். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேசை ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பெரிதாகக் குறையாது, ஆனாலும் இரண்டு டிகிரி குறையும். தண்ணீர் வேகமாக ஆவியாகும், தினமும் ஆர்ஓ ஊற்ற மறக்காதீர்கள். ஐஸ் கட்டிகளை நேராகப் போடுவது வேண்டாம். வெப்பம் திடீரென்று விழுவது மீனுக்கு இன்னும் கெடுதல்.

மீன் வாங்கும் நாள்

கடையில் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். செவுள் நிதானமாக அசைய வேண்டும், உடலில் வெள்ளை ஏடோ தூசியோ இருக்கக் கூடாது, வயிறு ஒட்டியிருக்கக் கூடாது. "கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க அண்ணா" என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம்.

இரண்டாக வாங்குங்கள், ஒன்று பெரிது ஒன்று சிறிது. எல்லாக் கோமாளி மீனும் ஆணாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்த பெரியது அதன் துணை. பெண் செத்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு வளர்ந்த மீன்களை வாங்கினால் யார் பெரியவர் என்று சண்டை போட்டே ஒன்று சாகும். குஞ்சுகள் என்றால் பிரச்சினை இல்லை, தாங்களே முடிவு செய்துகொள்ளும். மூன்றாவது ஒன்று வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைக் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு பையைத் திறந்து மீனைத் தண்ணீரோடு ஒரு சின்னப் பக்கெட்டுக்கு மாற்றி, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் விடுங்கள். மீனை மட்டும் ஒரு கப்பில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. இன்னொரு சின்னத் தொட்டியில், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டும் போட்டு, நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

முதல் ராத்திரி போன் வரும்: "மீன் ஒரு பக்கமா சாஞ்சு மூலையில தொங்குது, செத்துப்போச்சு போல." சாகவில்லை, தூங்குகிறது. கோமாளி மீன் அப்படித்தான் தூங்கும். சில நாள் கழித்துச் சின்ன மீன் பெரியதன் முன்னால் சாய்ந்து, உடம்பெல்லாம் வெடவெட என்று நடுங்குவதைப் பார்ப்பீர்கள். அது வலிப்பு இல்லை. "நீ பெரியவள், சரி" என்று அது பணிந்து சொல்வது. அதைப் பார்த்துவிட்டால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம்.

தீனி

நாளுக்கு இரண்டு தடவை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. சின்னக் குருணைத் தீனி அடிப்படை, வாரம் மூன்று நாலு நாள் உறைய வைத்த மைசிஸ் அல்லது ஆர்ட்டீமியா (இரண்டும் இறால் மாதிரியான பொடி உயிர்கள்). உறைந்த கட்டியை ஒரு கப் தொட்டித் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் போடுங்கள். புரட்டாசி மாதம் பல வீடுகளில் மீன், கறி எதையும் ஃப்ரீசரில் வைக்க விடமாட்டார்கள். அதற்காக அம்மாவிடம் சண்டை போட வேண்டியதில்லை. அந்த ஒரு மாதம் நல்ல குருணைத் தீனி மட்டும் போட்டாலே மீனுக்கு ஒன்றும் ஆகாது.

வார வேலை

சனிக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஹீட்டரை அணையுங்கள், தண்ணீர் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் சூட்டில் வெடிக்கும். கண்ணாடியைத் தேயுங்கள். குழாயால் மணலை மேலோட்டமாக உறிஞ்சி 10 சதவீதம், 180 லிட்டரில் 18 லிட்டர், எடுங்கள். முந்தின நாளே கரைத்து அதே வெப்பத்தில் வைத்த உப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே, பிஎச் 8.0 முதல் 8.4 வரை இருந்தால் போதும்.

நோய்

மூன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உப்புக் கல் தூவியது மாதிரி எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் என்றால் வெள்ளைப்புள்ளி நோய். அதைவிடப் பொடியாக, பொன் தூசி படிந்தது மாதிரி இருந்து மூச்சு வாங்கினால் வெல்வெட். உடம்பில் இருந்து சளி ஏடேடாக உரிந்து, தீனி தின்னாமல் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தால் புரூக்லினெல்லா. கோமாளி மீனைத்தான் அது அதிகம் பிடிக்கும், ஓரிரு நாளில் முடித்துவிடும். மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை, மருந்து போடுவது தனித் தொட்டியில்தான். செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் கல்லும் மணலும் உறிஞ்சிக்கொண்டு பல மாதம் இறாலையும் நத்தையையும் கொல்லும். சந்தேகம் வந்த உடனே மீனைத் தெளிவாக வீடியோ எடுத்து அனுபவம் உள்ளவரிடமோ மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ காட்டுங்கள். நாளை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

கடல் சாமந்தியும் கூட்டாளிகளும்

பூ மாதிரி விரிந்து கொட்டும் உயிரான கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கடலில் உண்மை, தொட்டியில் அவசியம் இல்லை. தின்ன வரும் எதிரி இல்லாத இடத்தில் ஒளிய வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் ஜோடி இரண்டு வருடம் பவர்ஹெட்டுக்குப் பக்கத்து மூலையையே வீடாக வைத்திருந்தது. சாமந்திக்குப் பலமான விளக்கும் ஒரு வருடமாவது பழகிய தொட்டியும் வேண்டும். பிடிக்காத இடத்தில் வைத்தால் நடந்து போகும், நடந்து போய்ப் பவர்ஹெட்டில் சிக்கினால் அரைபட்டுத் தொட்டி முழுக்க விஷமாகும். முதல் வருடம் வேண்டாம். பிறகு வைத்தால் குமிழ்நுனிச் சாமந்தியை வையுங்கள், பவர்ஹெட் வாய்க்கு ஸ்பாஞ்ச் போடுங்கள்.

கூடச் சேர்ப்பதற்குச் சின்ன மீன்களான ஒரு கோபி, ஒரு ஃபயர்ஃபிஷ், அவற்றோடு இரண்டு மூன்று துறவி நண்டு, நத்தைகள் போதும். நீல சர்ஜன் மீனை எல்லாரும் கேட்பார்கள். அது 30 சென்டிமீட்டர் வரை வளரும், இந்தத் தொட்டியில் அதற்கு நீந்த இடம் இல்லை. என்ன காரணத்துக்காகவும் தொட்டி மீனைக் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். ஒசெல்லாரிஸ் நம் கரையைச் சேர்ந்த மீன் இல்லை. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள்.

ஒன்றிரண்டு வருடத்தில் ஜோடி ஒரு கல்லை விடாமல் வாயால் சுத்தம் செய்யத் தொடங்கினால் முட்டை வரப்போகிறது. ஆரஞ்சு மணிகளாக ஒட்டியிருக்கும், நாளாக நாளாக வெள்ளிக் கண்கள் தெரியும், ஒரு வாரம் பத்து நாளில் ராத்திரி விளக்கணைந்த பிறகு பொரியும். ஆண் மீன் விசிறிக்கொண்டே காவல் இருக்கும். அந்த நாள்களில் கை விட்டால் பெண் மீன் கடிக்கும், காயம் ஆகாது, ஆனால் திடுக்கிடும்.

ஊருக்குப் போகும்போது

ஈஸ்டர் வாரம் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கோ, டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் சொந்தக்காரர் வீட்டுக்கோ போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுக்காதீர்கள். பாவம், பசிக்குமே என்று ஒரு கைப்பிடி போட்டுவிடுவார்கள், அது அழுகித் தண்ணீர் கெடும். கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு நாள் தீனியை அளந்து போடுங்கள். தண்ணீர் ஊற்றும் அளவுக்குத் தொட்டியில் பேனாவால் ஒரு கோடு, ஆர்ஓ கேனில் 'இது மட்டும்' என்று ஒரு காகிதம். பேட்டரிப் பம்பு எங்கே, எந்த சுவிட்ச் எதற்கு என்று ஒரு தடவை நேரில் காட்டிவிட்டு, உங்கள் போன் நம்பரைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போங்கள்.